என் அளவில் வெட்டிய கவசம்

பெட்டி வந்த அன்று எனக்கு மதியத்துக்கு மேல்தான் டூட்டி. என் கணவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர் பகலில் தூங்கும் வாரங்களில் எங்கள் குவார்ட்டர்ஸில் குக்கர் விசில்கூட அடிக்கக் கூடாது என்பது இருபத்தைந்து வருடச் சட்டம். பார்சல் கொண்டுவந்தவர் கேட்டைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் அந்தச் சட்டம் உடைந்தது.

"என்னாது அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க, படுங்க."

ஒன்றுமில்லாத அது, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் இருந்த இடத்தை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நின்றது. சின்ன ஃபிரிட்ஜ் வருகிற அளவுக்கு அட்டைப்பெட்டி. திறந்து பார்த்தேன். எல்லாம் வெள்ளை பிளாஸ்டிக். குழந்தையைக் குளிப்பாட்டும் டப் மாதிரி இரண்டு, நீளவாக்கில் அறுத்த பைப் மாதிரி பத்துப் பதினைந்து, என்னவென்றே தெரியாத கிண்ணங்கள் சில. ஒவ்வொன்றையும் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வேண்டாத விளிம்பு. எது மார்பு, எது முழங்கால் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

என் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். மூன்று பேர் ஒரே அறையில் தங்கும் விடுதி. அவளும் அவள் தோழிகள் நாலு பேரும் சேர்ந்து விண்வெளிப் படைவீரர்களாக வேடம் போடப்போகிறார்கள், இரண்டு மாதம் கழித்துச் சென்னையில் வேடம் போடுகிறவர்கள் எல்லாரும் கூடும் ஒரு விழா இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கவசம். எந்தப் படை, எந்தக் கிரகம் என்று பலமுறை சொன்னாள். என் தலையில் நிற்கவில்லை. கோயம்புத்தூரில் யாரோ ஒருவர் அச்சில் அழுத்தி எடுத்து அனுப்பியிருக்கிறார். வெட்டி, ஒட்டி, பட்டை வைத்து, உடம்புக்குப் பொருத்திக்கொள்வது வாங்குகிறவர் பாடு. விடுதி அறையில் வெட்ட இடமில்லை என்பதால் அது எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

போன் செய்தேன்.

"ம்மா, வந்துருச்சா? ஒடஞ்சிருக்கா பாரு."

"எது ஒடஞ்சது, எது ஒடையாததுன்னு எனக்கு எப்டிடி தெரியும்?"

"சரி, அப்டியே வை. சனிக்கிழம வரேன். ரெண்டு பேரும் சேந்து செய்யலாம்."

"ரெண்டு பேருமா? நான் எதுக்கு?"

"நீ தெனம் மாவுக்கட்டு போடறவதான? கைக்கும் காலுக்கும் மூடி செய்யறது உனக்கென்ன புதுசா? அதுவுமில்லாம நீயும் நானும் ஒரே சைஸ். உனக்குப் பொருந்துனா எனக்குப் பொருந்திடும்."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் கெட்டது. அன்றைக்கு அது எனக்கும் சரியாகவே பட்டது. போன வருடம் என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் என் பட்டு ரவிக்கையைத்தான் அவள் போட்டுக்கொண்டாள். ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ். மாவுக்கட்டு போட்டிருக்கிறேன், வெட்டியும் எடுத்திருக்கிறேன், விளிம்பு குத்துகிறது என்று அழுகிறவர்களுக்குப் பஞ்சு வைத்து ஒட்டியிருக்கிறேன். ஆனால் மாவுக்கட்டு ஈரத்துணியாக வந்து, உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படியே இறுகுகிற பொருள். இந்தக் கவசம் ஏற்கனவே இறுகிவிட்டு வந்திருந்தது. அதுவும் ஆறடி உயரத்தில், தொப்பை இல்லாமல், மார்பு இல்லாமல் எங்கேயோ இருக்கும் ஒரு ஆணின் அளவுக்கு இறுகியிருந்தது. என் மகளிடம் இதைச் சொன்னால், "அதனாலதாம்மா வெட்டறோம்" என்றாள்.

சனிக்கிழமை காலை வந்தாள். பதினொரு மணி வரை தூங்கினாள். எழுந்து குளித்துச் சாப்பிட்டு முடிக்க இரண்டு மணி. அப்புறம் ஹாலில் பேப்பர் விரித்து வேலையை ஆரம்பித்தோம். பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேல் கத்தியால் நாலு தடவை கீறி, மடக்கினால் பட்டென்று உடைந்து வரும். முன்பாதி, பின்பாதி இரண்டையும் சேர்த்து, உள்பக்கம் ஒரு பட்டை வைத்து ஒட்ட வேண்டும். பசை காய ஒரு முழுநாள். அதுவரை நகராமல் இருக்கத் துணி கிளிப் போட வேண்டும். என்னிடம் இருந்த முப்பது கிளிப்பும் ஒரே கைக்குத் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய் வந்து, மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். இரண்டு நாளில் முடிந்தது முழங்கைக்குக் கீழே போடும் ஒரே ஒரு துண்டு. ஒரு கைக்கு.

வாசலில் செருப்பு போட்டுக்கொண்டே சொன்னாள்: "தெனம் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சின்னா முடிஞ்சிரும்மா. வீடியோ அனுப்பறேன், அதப் பாத்து செய்."

அதற்குப் பிறகு அவள் ஏழு வாரம் வரவில்லை. ஒரு வாரம் மாதக் கடைசி என்றாள், ஒரு வாரம் ஆபீசில் ஏதோ ரிலீஸ் என்றாள், ஒரு வாரம் தோழியின் பிறந்தநாள். வீடியோக்கள் மட்டும் தவறாமல் வந்தன. அதில் ஒரு ஒல்லியான வெள்ளைக்காரர் நிதானமாகப் பேசிக்கொண்டே வெட்டுவார். அவருக்கு ஒரு பெரிய ஷெட், நாலு வகை ரம்பம், அவர் உடம்புக்கென்றே வார்த்த மாதிரி ஒரு கவசம். "கொஞ்சமாக வெட்டுங்கள், போட்டுப் பாருங்கள், மறுபடி கொஞ்சமாக வெட்டுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது" என்று ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வார். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னது சரி.

எனக்குக் கிடைத்த இடம் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல். டூட்டி முடிந்து வந்து, டீ குடித்துவிட்டு, வெளிச்சம் போகும்வரை அந்தக் கல்லில் உட்கார்ந்து வெட்டுவேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வெள்ளைப் பொடி பறக்கும். கொடியில் காய்ந்த துணியெல்லாம் அந்தப் பொடி. வெட்டிய சில்லுகள் எவ்வளவு பெருக்கினாலும் எங்கேயாவது ஒன்று தப்பித்துக் கிடக்கும். அதைச் சரியாக என் கணவர்தான் மிதிப்பார்.

"இது எப்ப முடியும்?" என்று காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஒங்க பொண்ணக் கேளுங்க."

"அவ செய்யறாளா, நீ செய்யறியா?"

"அவ போடறா, நான் செய்யறேன்."

"அப்ப நீ கான்ட்ராக்ட்டு, அவ பர்மனென்ட்டு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். அவர் கம்பெனியில் வேலை செய்வது கான்ட்ராக்ட் ஆட்கள், பேர் வாங்குவது பர்மனென்ட் ஆட்கள். மனுஷருக்கு இது பெரிய நகைச்சுவை. ஒரு வாரம் என்னைக் கான்ட்ராக்டர் என்றுதான் கூப்பிட்டார்.

கைகள் சுலபமாக முடிந்தன. மார்பும் வயிறும்தான் என்னை அழவைத்தன. முன்பக்கம் ஒரு டப், பின்பக்கம் ஒரு டப். இரண்டையும் உடம்போடு வைத்துப் பார்த்தால் விலாவில் இரண்டு பக்கமும் நாலு விரல் அளவுக்கு இடைவெளி. மூச்சை இழுத்துப் பிடித்தால் மூன்று விரல். மூச்சை விடாமல் எவ்வளவு நேரம் நிற்பது? மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

"ரெண்டு பக்கமும் பட்டை வச்சி அகலப்படுத்தும்மா. எல்லாரும் அதான் செய்வாங்க."

"எல்லாருக்கும் இவ்ளோ இடைவெளியா வருது?"

பதிலுக்குச் சிரிக்கிற முகம் ஒன்று வந்தது.

ரவிக்கை தைக்கக் கொடுக்கிற இடங்களில் எல்லாம் நான் கேட்டது இதைத்தான். போன தடவைக்கு இந்தத் தடவை கொஞ்சம் பிரிக்கணுமுங்க என்பார்கள். துணி என்றால் உள்ளே மடித்து வைத்த தையலைப் பிரித்தால் போதும், வெளியே தெரியாது. இங்கே நான் என் சதைக்கு எவ்வளவு கூடுதல் இடம் வேண்டும் என்பதை ஸ்கேல் வைத்து அளந்து, அந்த அகலத்துக்குப் பிளாஸ்டிக் பட்டை வெட்டி, விலாவில் ஒட்டி, அதைத் தேய்த்துச் சமன்படுத்தவும் வேண்டியிருந்தது. எனக்குக் கர்ப்பப்பை எடுத்து ஆறு வருடம் ஆகிறது. அதிலிருந்து வயிறு தன் விருப்பப்படி இருக்கிறது. அதை நானே மறந்திருந்த நேரத்தில், கோயம்புத்தூரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப் வந்து ஞாபகப்படுத்தியது.

கால்கள் அதற்கும் மேல். தொடைக்கு ஒரு குழாய், முழங்காலுக்குக் கீழே ஒரு குழாய். இரண்டையும் மாட்டிக்கொண்டு நடந்தால், ஒவ்வொரு அடிக்கும் கீழ்க்குழாயின் மேல்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் வெட்டியது. தொடைக் குழாயின் மேல்விளிம்பு வெட்டிய இடத்தைப் பற்றி எழுத முடியாது. இரண்டு நாள் போட்டுப் பார்த்ததில் முழங்காலுக்குப் பின்னால் கன்றிப்போய், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் முட்டி போட்டபோது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முட்டி வலியா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஆமாம் என்றேன். எந்தப் பாவத்தைச் சொல்வது, எதை விடுவது.

கடைசியில் அந்த வெள்ளைக்காரர் பேச்சைக் கேட்டேன். தினம் கொஞ்சமாக வெட்டினேன். தொடையில் மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல். கீழ்க்காலில் மேலே ஒன்றரை, கணுக்கால் பக்கம் இன்னும் கொஞ்சம். வெட்டிய விளிம்பைத் தேய்த்து, கொதிநீரில் முக்கி, வெளிப்பக்கமாக லேசாக மடக்கினேன். இது நான் மாவுக்கட்டில் கற்றது, வீடியோவில் இல்லை. பஞ்சு வைத்து ஒட்டினேன். ஆறாவது நாள் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். எங்கேயும் வெட்டவில்லை. பின்வாசல் மூன்று படியையும் இறங்கி ஏறினேன். அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கணவர் செகண்ட் ஷிப்ட் போயிருந்தார். மகள் போனை எடுக்கவில்லை.

பட்டைகள் தைத்துக் கொடுத்தது எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா. அவர் வீட்டில் வைத்து ரவிக்கை தைப்பவர். மெயின் பஜாரில் வாங்கிய கறுப்பு எலாஸ்டிக்கையும் பிரஸ் பட்டனையும் கொண்டுபோய்க் கொடுத்தால், இது எதுக்கு என்று கேட்காமல் தைத்துக் கொடுப்பார். கேட்காதது மரியாதையா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். உள்ளே கறுப்பு லெக்கின்ஸ், கறுப்பு முழுக்கை பனியன். கீழிருந்து மேலே வரவேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். முதலில் கால், அப்புறம் தொடை, இடுப்பு, வயிறு, மார்பு, கடைசியில் கைகள். முக்கால் மணி நேரம் ஆனது. பீரோ கண்ணாடியில் பார்த்தேன். தலைக்குத் தொப்பி மாதிரி ஒன்று சென்னையில் மகளிடம் இருந்தது. அதனால் கழுத்துக்குக் கீழே விண்வெளிப் படைவீரர், கழுத்துக்கு மேலே நான், பொட்டும் கம்மலுமாக.

சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எல்லாம் பொருந்தியிருந்தது. தோள் தோளில் இருந்தது. வயிறு தன் இடத்தில் இருந்தது, யாரும் அதைப் பிடித்து அமுக்கவில்லை. இடுப்பு இடுப்பில். என் வயதில் இத்தனை வருடத்தில் நான் போட்ட எதுவும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அப்புறம் கழற்றப் பார்த்தேன். மார்புத் துண்டின் பட்டன்கள் முதுகுப்பக்கம் இருந்தன. போடும்போது எப்படியோ சுவரோடு அழுத்திப் போட்டுவிட்டேன். கழற்றக் கை எட்டவில்லை. கை மடங்கினால்தானே எட்டும், கையிலும் கவசம். கையைக் கழற்றலாம் என்றால் தோள் பட்டை மார்போடு சேர்ந்திருந்தது. உட்காரவும் முடியாது. மின்விசிறிக்குக் கீழே நின்றும் உள்ளே ஒரு காற்று போகவில்லை. வெளியே சித்திரை வெயில். பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டது. படுக்கையறையில் கணவர் நைட் ஷிப்ட்டுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் கான்ட்ராக்டர் பேச்சு இன்னும் ஒரு மாதம் ஓடும்.

அப்போது கேட் சத்தம். எதிர் வீட்டு அக்காதான். மீதியிருந்த எலாஸ்டிக்கைக் கொடுக்க வந்திருந்தார். அவரையே கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லலாம் என்று கதவைத் திறந்து வாசலுக்கு வந்துவிட்டேன். அவர் கேட்டைப் பிடித்தபடி என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார், கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார்.

"சாப்புட்டியாம்மா?" என்றார்.

"சாப்ட்டேங்கா. கொஞ்சம் பின்னாடி பட்டனக் கழட்டி வுடுங்க, கையி எட்டல."

உள்ளே வந்து ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினார். "நான் இத இடுப்புல கட்டற பெல்ட்டுன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன், ஒனக்கு முதுவலியோன்னு" என்றார். பிறகு விலாப்பக்கம் நான் ஒட்டிய பட்டையின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இணைப்பு தெரியவே இல்ல. நல்லா பிரிச்சி விட்ருக்க" என்றார். அது அவர் தொழில் பாஷையில் பெரிய பாராட்டு. இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டும் அதுதான்.

சனிக்கிழமை விழா. மகள் வியாழக்கிழமை காலையிலேயே லீவு போட்டுவிட்டு வந்தாள். வாசலில் பையை இறக்கி வைத்தபோது, வெயிலில் வந்ததால் முகம் வாடியிருக்கிறது என்று நினைத்தேன். நானும் அன்றைக்கு லீவு எடுத்திருந்தேன். சோபாவில் வரிசையாக அடுக்கி வைத்திருந்த கவசத்தைப் பார்த்து அவள் வாயில் கைவைத்துக்கொண்டாள். "ம்மா, கடையில வாங்குனது மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அப்போது இருந்த நிறைவு ஐந்து நிமிடம் நீடித்தது.

காலிலிருந்து ஆரம்பித்தோம். கீழ்க்கால் துண்டை மாட்டினாள். அது அவள் கெண்டைக்காலின் நடுவில் நின்றது. மேலே நாலு விரல் வெறுமை, கீழே நாலு விரல் வெறுமை. தொடைத் துண்டு தொடையின் பாதியில் ஒரு பெரிய வளையல் மாதிரி சுற்றியது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் கறுப்புத் துணி.

"என்னம்மா இது?"

"என்னாடி?"

"இவ்ளோ வெட்டிட்ட?"

"அப்பதான எனக்கு முட்டி மடங்குச்சி."

"உனக்கு மடங்குச்சி. எனக்கு?"

"நீதான ஒரே சைஸுன்ன?"

"நான் ஒடம்பு மேல்பாதியத்தான் சொன்னேம்மா. கால் எப்டிம்மா ஒரே சைஸ் ஆவும்? பக்கத்துல நின்னா உனக்குத் தெரியலியா, நான் ஒன்னவிட ஒசரம்."

"ஏழு வாரமா நீ எங்கடி பக்கத்துல நின்ன?"

சத்தம் கேட்டு அவள் அப்பா எழுந்து வந்தார். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். "காலு என்னுது. எங்க வூட்ல எல்லாருக்கும் இந்தக் காலுதான். என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். இரண்டு மாதமாகக் கேலி செய்ததைத் தவிர எதுவும் செய்யாத மனிதர் இதைச் சொன்னதும் எனக்கு வந்த கோபத்தில், டீ வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். போட்டார். மூன்று பேருக்கும் போட்டார்.

வெட்டிய துண்டுகள் எங்கே என்று மகள் கேட்டாள். மூன்று வாரத்துக்கு முன்பே குப்பை வண்டியில் போய்விட்டன. இருந்தாலும் ஒட்டியிருக்க முடியாது.

சரி, மேல்பாதியாவது பார்க்கலாம் என்று மார்புத் துண்டை மாட்டினோம். பட்டன்களைப் போட்டுவிட்டு நான் கையை எடுத்தேன். கவசம் அவள் உடம்பைச் சுற்றி ஆடியது. உள்ளே அவள் இருக்கிறாளா என்று கேட்கிற மாதிரி ஆடியது. விலாவில் என் கை முழுதாக உள்ளே போய் வந்தது. போன வருடம் என் ரவிக்கை சரியாக இருந்த உடம்பு இது.

கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே என் விரல்கள் சுற்றிவந்து ஒன்றையொன்று தொட்டன. காலையில் வாடியிருக்கிறது என்று நினைத்த முகத்தை இப்போது சரியாகப் பார்த்தேன்.

"என்னடி சாப்புடற அங்க?"

"சாப்பிடறம்மா."

"என்னா சாப்பிடற? காலைல?"

"காலைல டைம் இருக்காது. மத்தியானம் ஆபீஸ்ல."

"ராத்திரி?"

"ஹாஸ்டல் சாப்பாடு நல்லா இருக்காதும்மா. பிஸ்கட் ஏதாவது."

"எவ்ளோ நாளா?"

டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் டீம் மாறியதிலிருந்து என்று அப்புறம் மெதுவாகச் சொன்னாள். புது மேனேஜர் சிடுசிடுவென்று இருக்கிறாராம். சாப்பாடு தொண்டையில் இறங்குவதில்லையாம். இந்த வேடம் போடும் தோழிகளோடு இருக்கும் நேரத்தில்தான் கொஞ்சம் நிம்மதியாம்.

"தெனமும் வீடியோ அனுப்பினியே, இத ஒரு வார்த்த அனுப்பக் கூடாதா?"

"நீ இதுக்கே டென்ஷன் ஆவே."

"ஆமா ஆவேன். ஆவறதுக்குத்தான இருக்கேன்."

அதற்கு மேல் பேசினால் அவள் அழுதுவிடுவாள், அல்லது நான். அவள் அப்பா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் குழம்பைச் சூடு பண்ணி, ரசம் வைத்து, முட்டை பொரித்து, தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். "சாப்புட்டுட்டு வா, அப்பறம்தான் இதத் தொடுவேன்" என்றேன். பாதிதான் சாப்பிட்டாள். பரவாயில்லை என்று விட்டேன்.

அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ம்மா, பேசாம நீ போட்டுக்க. உனக்குத்தான் எல்லாம் சரியா இருக்கு. என்கூட சென்னைக்கி வா. என் ஃபிரெண்ட்ஸ்லாம் சந்தோஷப்படுவாங்க."

"எனக்கு சனிக்கிழம டூட்டி" என்றேன்.

அது உண்மை. ஆனால் ஒரு நொடி மனதுக்குள் அந்த விழாவில் நடந்து பார்த்ததும் உண்மை. அதோடு, மேல்பாதியைச் சின்னதாக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது எனக்குக் கத்தியை எடுக்க மனமே வரவில்லை. ஏழு வாரம் உட்கார்ந்து, அளந்து, தேய்த்து, இணைப்பு தெரியாமல் ஒட்டிய பட்டைகள். அதைப் பிரித்தால் அது என்னுடையதாக இருக்காது. பெற்ற பெண்ணுக்காகச் செய்ததை அவளுக்குக் கொடுக்க இவ்வளவு யோசிக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. இப்போது இதை எழுதும்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

அந்தப் பசை காய்ந்தாலும் ரப்பர் மாதிரிதான் இருக்கும். ஒரு மூலையைக் கிளப்பிவிட்டு நிதானமாக இழுத்தால் வந்துவிடும். அவள் இழுக்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லி நானே இரண்டு பக்கமும் பிரித்தேன்.

அப்புறம் அவளை நிற்க வைத்து முறையாக அளந்தேன். தோள், மார்பு, இடுப்பு, தோளிலிருந்து இடுப்பு வரை. அவளை நான் இப்படி டேப் வைத்து அளந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். பள்ளி யூனிஃபார்முக்கு அளந்ததுதான் கடைசி. அதற்கப்புறம் என் ரவிக்கையைக் காட்டித்தான் அவளுக்கு எல்லாம் தைத்தது. டேப் விலாவில் பட்டதும் கூச்சத்தில் நெளிந்தாள். ஆடாம நில்லு என்று நாலு தடவை சொன்னேன். அப்போதும் ஆடினாள்.

பட்டைகள் இல்லாமல்கூட விலாவில் மேலும் இரண்டு விரல் வெட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு வெட்டமாட்டேன் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். ஒரு விரல் வெட்டினேன். மீதிக்கு உள்ளே மாவுக்கட்டுக்கு வைப்பது மாதிரி பஞ்சுப் பட்டை வைத்து ஒட்டினேன். "ஏம்மா, இன்னும் கொஞ்சம் வெட்டிருந்தா பஞ்சு வேணாமே" என்றாள். "நீ சாப்புட்டா பஞ்ச எடுத்துக்கலாம். வெட்டுனா அப்பறம் ஒட்ட முடியாது" என்றேன். அந்த வெள்ளைக்காரர் என் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எதிர் வீட்டு அக்காவிடம் போய்ப் பட்டைகளை எல்லாம் சின்னதாக்கி வாங்கி வந்தோம். என் மகளைப் பார்த்ததும் அவர், "ஓ, இது பொண்ணுக்கா" என்றார். "ஆமாங்க்கா" என்றேன். "ஒனக்கு நல்லா இருந்துச்சி" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எலாஸ்டிக்கைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் மேல்பாதியை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். காலுக்குக் கறுப்பு பேன்ட்டும் ஷூவும் போதும், மேசைக்குப் பின்னால் நின்று வருகிறவர்களுக்கு விவரம் சொல்லும் வேலையைத் தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அவள் அப்பா ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டார். பெட்டி முன்னால், மகள் பின்னால், அவர் நடுவில் எதையும் பார்க்க முடியாமல் ஓட்டிக்கொண்டு போனது, எங்கள் பிளாக் ரோட்டில் எல்லாருக்கும் ஒரு வேடிக்கை.

சனிக்கிழமை டூட்டியில் இருந்தபோது படம் வந்தது. ஐந்து பேர் நின்றார்கள். தலையில் எல்லாருக்கும் மூடி. யார் என் மகள் என்று கண்டுபிடிக்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. இடது தோள் துண்டு ஒரு விரல் மேலே ஏறியிருந்தது. மாலையில் போன் செய்தாள்.

"எடது தோளு ஏறியிருந்துச்சே, கவனிக்கலியா?"

"ம்மா, எல்லாரும் கேட்டாங்க யார் செஞ்சதுன்னு. எங்கம்மான்னேன்."

"அந்தப் பட்டைய ரெண்டாவது பட்டன்ல போடணும்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன்."

"சரிம்மா."

"சாப்புட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். சப்பாத்தி, குருமா என்று சொன்னாள். உண்மையா என்று கேட்டேன். தோழியிடம் போனைக் கொடுத்தாள். அந்தப் பெண், "உண்மைதான் ஆன்ட்டி, மூணு சாப்பிட்டா" என்றாள். ஏன் நாலு சாப்பிடவில்லை என்று கேட்க வாய் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

அதிலிருந்து மாதம் இரண்டு முறை வருகிறாள். நான் செய்துகொடுக்கும் பொடி, தொக்கு, ஊறுகாய் எல்லாம் எடுத்துப் போகிறாள். வேறு டீமுக்கு மாற்றிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாளாம், இன்னும் பதில் வரவில்லையாம். போன முறை வந்தபோது, கோயம்புத்தூர்க்காரரிடம் கால் துண்டுகள் மட்டும் புதிதாகச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். நான் டேப்பை எடுத்து வந்து, அவளைச் சுவரோடு நிற்க வைத்து, இடுப்பிலிருந்து முட்டி, முட்டியிலிருந்து கணுக்கால், தொடையின் சுற்றளவு என்று எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, தேதியும் போட்டேன். இந்தத் தடவை எனக்குப் போட்டுப் பார்க்க மாட்டேன், வெட்டும்போதெல்லாம் நீ இங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைத் திறக்கவே மாட்டேன் என்று சொன்னேன். சரி சரி என்றாள். அவள் சரி சரி என்பதை நான் இருபத்து நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.